இமயத்துப் பிரம்ம கமலம்

நம் தமிழ்நாட்டில் பல வீடுகளில், இரவில் மலர்ந்து விடியுமுன் வாடிவிடும் ஒரு வெண்மலர்ச் செடியைத் தொட்டியில் வளர்க்கிறார்கள். அதனைப் ‘பிரம்ம கமலம்’ என்று அழைக்கிறார்கள். திரேஸ்புரத்தில் என் மாணவரும் அதையே சொல்லிப் பெருமை கொள்வதுண்டு. ஆனால் அது மெக்சிகோ, நடு அமெரிக்கா ஆகிய பகுதிகளுக்குரிய கள்ளியினம். அதில் இலையெனத் தோன்றுவது தட்டையான தண்டேயாகும்.

அப்பெயருக்குரிய உண்மையான மலர் இமயமலையில் உள்ளது. ஏறத்தாழ 3,500 மீட்டருக்கு மேற்பட்ட பாறைச் சரிவுகளிலே அது வளர்கிறது. பெயரில் கமலம் இருப்பினும் அது தாமரையன்று. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2000-ஆம் ஆண்டில் உருவான உத்தராகண்ட மாநிலத்தின் மலர் இதுவே.

அந்த உயரத்தில் வாழ்வது எளிதா? 4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் நம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்களவே. புற ஊதாக் கதிர்கள் அங்கே கடுமையாகத் தாக்கும். இரவில் குளிர் உறைய வைக்கும். மழையோ, நனைந்த மகரந்தத்தைக் கெடுத்துவிடும்.

இவ்வளவுக்கும் அச்செடி கண்ட உபாயம் யாது? இதழ்கள் போலத் தோன்றும் வெளிர்மஞ்சள் நிறப் பகுதிகள் உண்மையில் இதழ்கள் அல்ல; பூவடிச் செதில்கள். காகிதம்போல் மெல்லிய அவை, நடுவிலுள்ள ஊதாநிறச் சிறு பூக்களைப் படகுபோல் கவிந்து மூடுகின்றன. ஒளியை உள்ளே விடுகின்றன. காற்றையும் மழையையும் தடுக்கின்றன. கண்ணாடி வீட்டில் போலவே உள்ளே வெப்பம் தங்குகிறது.

இதில் ஒரு வியப்பும் உண்டு. இப்பேரினம் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி சொசூரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1767-இல் கண்ணாடிப் பெட்டிக்குள் சூரிய வெப்பத்தைத் தேக்கிக் காட்டியவரும் அவரே!

ஜூலை முதல் செப்டம்பர் வரை இது பூக்கும். கேதாரநாதத்திலும் பத்ரிநாதத்திலும் இறைவனுக்குச் சூட்டுகிறார்கள். மருந்துக்கும் பறிக்கிறார்கள். பக்தியைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆயினும் விதை முதிருமுன் பூத்தலையைக் கொய்தால் அச்செடியின் சந்ததி அங்கேயே நின்றுவிடும் அல்லவா? கோடையோ அங்கு மிகக் குறுகியது; அவ்வாண்டு மறுபடி பூத்து விதைக்கக் காலமில்லை. 1982-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட ‘மலர்ப் பள்ளத்தாக்கு’ போன்ற காப்பிடங்கள் வேண்டியிருப்பது இதனாலேதான்.

நமது கடலோரத்து அடும்பையும் எண்ணிப் பாருங்கள். உப்புக் காற்றிலும் சுடுமணலிலும் அது உயர்ந்து நிற்க முயல்வதில்லை. தரையோடு படர்ந்து, கணுதோறும் வேர்விட்டு மணலைப் பற்றிக்கொள்கிறது. மலைக்கு ஓர் உபாயம், கடலுக்கு மற்றோர் உபாயம். அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது ஓர் அடும்பங்கொடியைப் பிடுங்காமல் பாருங்கள். எத்தனை கணுக்களில் வேர் இறங்கியுள்ளது என்று எண்ணி உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.