திருகாணி திரும்பாவிட்டால் எது திரும்பும்?

பத்தாம் வகுப்பில் விசையின் திருப்புத்திறனை நடத்தும்போது கதவையும் ஸ்பேனரையும் எடுத்துக்காட்டாகச் சொல்வோம். பிடி நீளமாக இருந்தால் குறைந்த விசை போதும் என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள், மதிப்பெண்ணும் வந்துவிடும். கொல்லிமலை அரியூர் நாட்டில் அறிவியல் ஆசிரியராக இருக்கும் எனக்கு இந்தப் பாடம் அத்தோடு முடிவதில்லை. எங்கள் பிள்ளைகளில் பலர் பள்ளி முடித்ததும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்கோ, திருச்செங்கோட்டு ரிக் வண்டிப் பட்டறைகளுக்கோ, ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கோ போகிறார்கள். அங்கே சேர்ந்த சில நாட்களிலேயே கைக்கு வருவது மின்சார டிரில்லோ, ஸ்குரூ டிரைவரோ, நட்டு முடுக்கும் இம்பாக்ட் ரெஞ்சோதான்.

ஆடி 17, 18 தேதிகளில் நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கு ஊர் வந்த முன்னாள் மாணவர் ஒருவர் மணிக்கட்டில் கட்டோடு என்னைப் பார்க்க வந்தார். "டிரில் மாட்டிக்கிச்சு சார், கை சுத்திருச்சு" என்றார். எப்படிச் சுற்றியது என்று அவருக்குப் புரியவில்லை. நியூட்டனின் மூன்றாம் விதியை என்னிடமே படித்தவர்.

டிரில்லின் முனை வலப்புறமாகச் சுழலும்போது அதன் உடல் இடப்புறமாகத் திரும்பப் பார்க்கிறது. முனை தடையின்றிச் சுழலும்வரை இது தெரியாது. இரும்புத் தகட்டைத் துளைத்து மறுபக்கம் வெளியேறும் நொடியில் முனை சிக்கும். திருகாணி முழுதாக உள்ளே இறங்கி அதன் தலை பலகையில் முட்டும்போதும் இதுவே நடக்கும். திருகாணி திரும்பாவிட்டால் கருவி திரும்பும். கருவியோடு கையும் திரும்பும்.

கரும்பலகையில் கணக்காகவே போடலாம். கருவியின் திருப்புத்திறன் 30 நியூட்டன் மீட்டர் என்று கொள்வோம். கைப்பிடி சுழல் அச்சிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருந்தால், கை தாங்க வேண்டிய விசை 30 ÷ 0.15 = 200 நியூட்டன். ஏறக்குறைய 20 கிலோ எடை! விரலை விசையிலிருந்து எடுக்க நினைப்பதற்குள் மணிக்கட்டு திரும்பிவிடும். அதே கருவியில் பக்கவாட்டுப் பிடியைப் பொருத்தி, அச்சிலிருந்து 30 செ.மீ. தொலைவில் பிடித்தால் 100 நியூட்டன்தான். அந்தப் பிடி பெட்டியிலேயே வருகிறது. பட்டறையில் யாரும் அதை மாட்டுவதில்லை என்றார் அந்த மாணவர்.

இன்னொன்றும் உண்டு. பேட்டரி டிரில்களின் கழுத்தில் எண்கள் எழுதிய வளையம் ஒன்று இருக்கும். அது கிளட்ச். அந்த எண்கள் நியூட்டன் மீட்டர் அல்ல, வெறும் படிகள். வைத்த அளவைத் தாண்டித் தடை வந்தால் கிளட்ச் நழுவி, கடகடவென்று ஒலி எழுப்பி, முனையைத் திருப்புவதை நிறுத்திவிடும். ஆனால் வளையத்தை டிரில் படத்துக்குத் திருப்பினால் கிளட்ச் வேலை செய்யாது. முழு விசையும் வரும். துளைக்க அது வேண்டும். திருகாணி முடுக்க, சிறிய எண்ணில் தொடங்கி மேலே போவதே முறை.

இம்பாக்ட் ரெஞ்ச் வேறு வகை. உள்ளே சுத்தியல் போன்ற ஒரு பகுதி சுழன்று அடித்துக்கொண்டே இருப்பதால் நட்டுக்குப் பெரும் திருப்பம் போகும். கைக்கு அவ்வளவு வராது. இதில்தான் ஆள் ஏமாறுவது. சும்மா பிடித்திருப்பதுபோல இருக்கும், போல்ட்டோ இழுபட்டு வலுவிழந்திருக்கும். லாரிச் சக்கர நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, கடைசி முறுக்கை டார்க் ரெஞ்சால் அளந்து வைக்க வேண்டும் என்பது இதனால்தான். தினமும் 70 வளைவு இறங்கும் பேருந்தில் வருகிற எங்கள் மாணவர்களுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. கைக் கருவிக்கான பளபளப்பான குரோம் சாக்கெட்டை இதில் மாட்டக் கூடாது; அடி தாங்காமல் சிதறும். கண்ணாடியும் காதடைப்பானும் அவசியம்.

கையடக்க மின் டிரில் 1895-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்தது. துப்பாக்கிப் பிடியும் விரல் விசையும் கொண்ட வடிவத்துக்கு பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1917-இல் காப்புரிமை பெற்றது. பிடித்தாலே விரல் விசைக்குப் போகும் வடிவம் அது. ஆகவே எடுத்துச் செல்லும்போது விரல் வெளியே இருக்க வேண்டும். முனை மாற்றும்போது பிளக்கைப் பிடுங்க வேண்டும். பேட்டரி என்றால் கழற்றிவிட வேண்டும்.

மின்சாரப் பாடத்துக்கும் இங்கே வேலை இருக்கிறது. மூன்று முள் பிளக்கின் நில இணைப்பு முள்ளை உடைத்துவிடுவது, பிளக்கே இல்லாமல் இரண்டு கம்பிகளைத் துளையில் விட்டுக் குச்சி செருகுவது, இவை எல்லா ஊரிலும் பார்க்கிற காட்சிகள். மூடுபனியில் சுவரே வியர்க்கும் எங்கள் மலையில் இது இன்னும் மோசம். உலோக உடல் கொண்ட கருவிக்கு நில இணைப்பு கட்டாயம். சதுரத்துக்குள் சதுரம் பொறித்த கருவி இரட்டைக் காப்பு உடையது. அதற்கு இரண்டு கம்பிகள் மட்டும் இருப்பது குறையல்ல. 'ஃபியூஸ்தான் இருக்கிறதே' என்று மாணவர்கள் கேட்பார்கள். 5 ஆம்பியர் ஃபியூஸ் என்பது 5000 மில்லிஆம்பியர். 30 மில்லிஆம்பியர் கசிந்ததுமே துண்டிக்கும் கருவிதான் ஆளைக் காக்கப் பொருத்துவது. ஃபியூஸ் முக்கியமாகக் காப்பது கம்பியை.

உடையைப் பற்றிச் சொல்லும்போது சிரிப்பார்கள். குளிருக்குப் போடும் ஸ்வெட்டரின் பிரிந்த நூல், மஃப்ளர், துப்பட்டா, மணிக்கட்டுக் கயிறு, அவிழ்ந்த கூந்தல் எல்லாம் சுழலும் முனைக்கு இரையே. தளர்வான துணிக் கையுறையும் அப்படித்தான். பாதுகாப்பு என்று எண்ணி அதைப் போட்டு டிரில் பிடிப்பவர்கள் நிறைய.

வகுப்பில் நான் மாணவர் கையில் மின் கருவியைக் கொடுப்பதில்லை. இணைப்பு இல்லாத டிரில்லைக் காட்டி வளையம், பிடி, குறியீடு ஆகியவற்றைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன். திருகாணி முடுக்கக் கை ஸ்குரூ டிரைவரும் வேங்கைப் பலகையும் போதும். 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களை அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்த 2016-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தடை விதிக்கிறது. கோடை விடுமுறையில் 'அண்ணன்கூட' பட்டறைக்குப் போய் வருகிற ஒன்பதாம் வகுப்புப் பையனைப் பற்றி வீட்டில் பேசும்போது இதையும் சொல்கிறேன்.

சென்ற பருவத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "பக்கப் பிடி குடுங்கன்னு கேட்டா அங்க சிரிப்பாங்களே சார்?" திருப்புத்திறன் பாடத்தில் இதற்கு விடை இல்லை. எங்கள் தமிழாசிரியரிடம் சொன்னேன். கடிதப் பயிற்சியில் 'பாதுகாப்புக் கண்ணாடி கேட்டு மேற்பார்வையாளருக்கு எழுதுக' என்பதையும் இப்போது சேர்த்திருக்கிறார்.