காலேஜ் முடிஞ்சதும் கால்பந்தும் முடியுதா? பெண்கள் புரொஃபஷனல் ஃபுட்பாலுக்குப் போகும் வழி என்ன?

'பிகில்' படத்தில் தமிழ்நாடு பெண்கள் அணி கோப்பையைத் தூக்கும்போது தியேட்டரே விசிலடித்தது. அது 2019 தீபாவளி. ஆனால், நிஜ தமிழ்நாடு அணி அதற்கு ஒரு வருடம் முன்பே அதைச் செய்துவிட்டது. 2018-ல் ஒடிசாவின் கட்டாக்கில் நடந்த சீனியர் பெண்கள் தேசிய கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்தில் மணிப்பூரை வீழ்த்தி, முதல்முறையாக சாம்பியன் ஆனது. 2019 மே மாதம் மதுரையைச் சேர்ந்த சேது எஃப்சி, லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று இந்தியன் விமன்ஸ் லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. இந்த இரண்டுக்கும் விசிலடிக்க அவ்வளவு ஆள் இல்லை.

படத்தின் ஹீரோ வடசென்னைக்காரர். அது சும்மா வைத்த ஊர் இல்லை. வியாசர்பாடி, ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கமெல்லாம் கிரிக்கெட்டுக்கு இணையாக ஃபுட்பால் ஓடும். ஐஎஸ்எல் ஆடிய தனபால் கணேஷ் வியாசர்பாடிப் பையன்தான். பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். 2018-ல் மாஸ்கோவில் நடந்த தெருவோரக் குழந்தைகள் உலகக் கோப்பையில் இந்தியப் பெண்கள் அணியாகப் போனது, சென்னையின் கருணாலயா அமைப்பு தயார்செய்த அணி.

சரி, பள்ளியில் ஆடியாச்சு, கல்லூரி அணியிலும் இடம் கிடைச்சாச்சு. டிகிரி முடிந்த மறுநாள் என்ன?

கல்லூரி எதுவரை கொண்டுபோகும்?

பாதையின் முதல் பாதி ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கவனிக்கப்பட்டால் பல்கலைக்கழக அணிக்கான தேர்வுக்கு அழைப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால் தென்மண்டல போட்டி. அங்கே முன்னேறினால் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. இதுபோக, கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளும், முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவும் இருக்கின்றன.

ஜெர்சி, பயணப்படி, ஓ.டி., சான்றிதழ் எல்லாம் இந்தக் கட்டத்தில் வந்துவிடும். வீட்டிலும் "படிப்போட சேர்த்து ஆடுறா, ஆடட்டும்" என்று விட்டுவிடுவார்கள். ஆனால், பல்கலைக்கழகப் போட்டிக்கு வயது வரம்பு 25. பெரும்பாலானவர்களுக்கு 21 வயதில் டிகிரி முடிந்ததுமே இந்தக் கதவு மூடிவிடும். பி.ஜி. சேர்ந்தால் இன்னும் இரண்டு வருடம். ஆடுவதற்காகவே எம்.ஏ. சேர்கிற பெண்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள்.

கடலூர் காட்டிய வழி

தமிழ்நாட்டில் இந்தப் பாதையை முழுதாக நடந்து காட்டியவர்கள் அதிகம் கடலூர்ப் பக்கம்தான். அங்கே பயிற்சியாளர் மாரியப்பன் நடத்தும் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி பெண்களைத் தேடிப்பிடித்து ஆட வைத்தது. 2017-18 சீசனில் அந்த அகாடமியின் அணியே இந்தியன் விமன்ஸ் லீகில் ஆடியது. ஒரு மாவட்டத் தலைநகரின் அகாடமி தேசிய லீகுக்குப் போவது சின்ன விஷயம் இல்லை.

அங்கிருந்து வந்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர், அரசு விடுதியில் தங்கிப் படித்து இந்திய அணியின் முன்கள வீராங்கனையான சந்தியா ரங்கநாதன். இன்னொருவர், நடுகள வீராங்கனை இந்துமதி கதிரேசன். 2019 தெற்காசிய சாம்பியன்ஷிப் அரையிறுதியில் வங்கதேசத்துக்கு எதிராக இந்துமதி 2 கோல் அடித்தார். இந்தியா அந்தக் கோப்பையை வென்றது. சேது எஃப்சியில் பேர் வாங்கிய இருவரும், 2022-23 சீசனில் சாம்பியன் ஆன கோகுலம் கேரளாவிலும் ஆடினார்கள்.

இந்துமதிக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. தமிழ்நாடு காவல் துறையில் அவர் சப்-இன்ஸ்பெக்டர். 2020 கொரோனா ஊரடங்கில் நாட்டின் மற்ற ஆட்டக்காரர்கள் வீட்டு மொட்டைமாடியில் பயிற்சி செய்தபோது, இவர் சென்னைச் சாலைகளில் முகக்கவசத்தோடு டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்திய அணிக்கு ஆடுபவர் எதற்கு வேலைக்குப் போகணும்? இந்தக் கேள்விக்கான பதில் பணத்தில் இருக்கிறது.

18 நாள் லீகை வைத்து வாழ முடியுமா?

சேது எஃப்சி கோப்பை வென்ற 2019 சீசனின் இறுதிச்சுற்று மே 5-ல் தொடங்கி மே 22-ல் முடிந்தது. மொத்தம் 18 நாள். அதை நம்பி யாரும் வாடகை கட்ட முடியாது. 2023-24-ல்தான் சொந்த ஊர், வெளியூர் முறையில் 7 அணிகளோடு மாதக்கணக்கில் நடக்கும் லீகாக அது மாறியது. கீழே இரண்டாம் டிவிஷனும் வந்தது.

அதே சீசனிலிருந்து அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஒரு விதியும் கொண்டுவந்தது. முதல் டிவிஷன் கிளப் ஒவ்வொன்றும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளோடு தொழில்முறை ஒப்பந்தம் போட வேண்டும், ஆண்டுச் சம்பளம் குறைந்தபட்சம் 3.2 லட்சம் ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 26,700 ரூபாய். ஓ.எம்.ஆர். பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்கிறவருக்குக் கிட்டத்தட்ட கிடைக்கும் தொகைதான். ஆனால் அந்த வேலையில் முழங்கால் ஜவ்வு கிழியாது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விதி 10 பேருக்குத்தான். அணியில் பதினோராவது இந்திய வீராங்கனைக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. காலேஜ் முடித்து நேராக வரும் புதுமுகம் பெரும்பாலும் அந்தப் பதினோராவது ஆள்தான்.

அதனால்தான் அரசு வேலை. தமிழ்நாட்டில் எஸ்.ஐ., காவலர் தேர்வில் 10 சதவீதமும், சாதித்த வீரர்களுக்கு மற்ற அரசுப் பணிகளில் 3 சதவீதமும் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கின்றன. மணிப்பூரிலும் இதே கதைதான். 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்போடு ஒப்பந்தம் போட்ட பாலா தேவி மணிப்பூர் காவல் துறையில் பணியாற்றியவர். வேலையை ஆட்டத்தின் எதிரியாகப் பார்க்கத் தேவையில்லை. இப்போதைக்கு இங்கே ஆட்டத்தைத் தாங்கிப் பிடிப்பதே அதுதான்.

சென்னையில் ஆண்களுக்கு இந்த ஏற்பாடு புதிது அல்ல. ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, சுங்கத் துறை என நிறுவன அணிகளில் ஆடியே வேலைக்குப் போன தலைமுறைகள் உண்டு. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் அசோக் லேலண்ட், எம்.ஆர்.எஃப். போன்ற ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. 'கம்பெனி டீம்' என்ற பழைய கதவு பெண்களுக்கு எந்தக் காலத்திலும் அகலமாகத் திறக்கவில்லை.

கையெழுத்துக்கு முன் என்ன பார்க்கணும்?

ஃபிஃபா கணக்கில் 'புரொஃபஷனல்' என்றால் இரண்டே நிபந்தனை: எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்க வேண்டும், ஆடுவதற்கான செலவைவிட அதிகமாகப் பணம் தர வேண்டும். பயணப்படியும் சாப்பாடும் மட்டும் கொடுத்து, "நீ இப்போ புரொஃபஷனல்மா" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சம்மேளனத்தின் மத்தியப் பதிவு அமைப்பில் பதிவாகியிருக்கிறதா, சம்பளம் 12 மாதத்துக்கா அல்லது சீசன் முடியும்வரைதானா, காயம்பட்டால் அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது என்ற மூன்றையும் கேட்டே ஆக வேண்டும். 2021 முதல் ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தத்தில் இருக்கும் வீராங்கனைக்குக் குறைந்தது 14 வாரம் மகப்பேறு விடுப்பும், அந்தக் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு சம்பளமும் உண்டு. 22 வயதில் இதையெல்லாம் கேட்கக் கூச்சமாக இருக்கலாம், கேளுங்கள்.

வடசென்னைப் பெண்ணுக்கு இன்னொரு சிக்கல் தூரம். 2024-25 சீசனில் லீகின் முதல் டிவிஷனில் 8 அணிகள். அதில் தமிழ்நாட்டிலிருந்து சேது எஃப்சி மட்டும்தான், சென்னையிலிருந்து ஒன்றுகூட இல்லை. ஆக, முதல் ஒப்பந்தம் என்றாலே ஊரைவிட்டுப் போவதுதான். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி ட்ரெய்னிங் போய், ராத்திரி வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்புகிற வசதி அத்தோடு முடிந்தது. "ஹாஸ்டலா? யார் கூட? எத்தனை மாசம்?" என்று அம்மா கேட்பார். அதற்குப் பதில் சொல்ல அந்தப் பெண்ணின் கையில் இருக்கப்போவது, மேலே சொன்ன அந்த ஒப்பந்தத் தாள்தான்.

சின்ன வயதிலிருந்து தெருவிலேயே பயிற்சி கொடுத்த கோச்சுக்கு என்ன கிடைக்கும்? ஆண்கள் கால்பந்தில் ஒரு பையன் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போட்டால், அவனை வளர்த்த கிளப்புக்குப் 'பயிற்சி இழப்பீடு' கேட்க ஃபிஃபா விதியில் இடம் இருக்கிறது. அதே விதிப் புத்தகம், பெண்கள் கால்பந்துக்கு இது பொருந்தாது என்கிறது.