வலி ஒன்று, நிலைகள் பல: பெருங்குடல் பை அழற்சியில் ஸ்கேன் உணர்த்துவது என்ன?

“வயிற்று வலி என்றுதானே வந்தோம்? மருந்து கொடுத்தால் போதாதா? ஸ்கேன் எதற்கு?” ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். அக்யூட் டைவர்டிகுலைட்டிஸ் எனப்படும் கடும் பெருங்குடல் பை அழற்சியை முன்வைத்து இதற்கு விடையளிக்க விழைகிறோம்.

நோயின் தன்மை

வயது ஏறும்போது, பெருங்குடல் சுவரின் வலுக்குறைந்த இடங்களில் உட்சவ்வு சிறு பைகளாக வெளியே பிதுங்குவதுண்டு. பைகள் இருப்பதே நோயன்று. பெரும்பாலோர்க்கு அவற்றால் எத்தொல்லையும் இல்லை. அவற்றுள் ஒன்றில் அழற்சி தோன்றும்போதுதான் வலியும் காய்ச்சலும் எழுகின்றன. மேலைநாடுகளில் இது பெரும்பாலும் அடிவயிற்றின் இடப்பக்கத்தில் வரும். ஆசிய நாட்டினரிடம் வலப்பக்கத்திலும் மிகுதியாகக் காணப்படுகிறது. அப்போது குடல்வால் அழற்சியிலிருந்து இதைப் பிரித்தறிதல் கடினம். முன்னதற்குப் பெரும்பாலும் மருந்தே போதும்; பின்னதற்கோ அறுவை சிகிச்சையே வழக்கம். எனவே தேவையற்ற அறுவையைத் தவிர்க்க ஸ்கேன் துணைபுரிகிறது.

படத்தில் நாங்கள் தேடுவது

கைகளால் வயிற்றைச் சோதிப்பதும் இரத்தப் பரிசோதனையும் இன்றியமையாதவை. ஆயினும் அவை மட்டும் போதுமானவையல்ல. முதியோர்க்கும் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர்க்கும் உள்ளே நோய் முற்றியிருந்தாலும் வலி குறைவாகவே தோன்றக்கூடும்.

சி.டி. ஸ்கேனில், குடற்சுவர் தடித்துள்ளதா, சுற்றியுள்ள கொழுப்பில் புகைபோன்ற கீற்றுகள் படர்ந்துள்ளனவா, சீழ் தேங்கியுள்ளதா, குடலுக்கு வெளியே காற்றுக் குமிழிகள் உள்ளனவா என நாங்கள் பார்க்கிறோம். குடலுக்கு வெளியே காணும் காற்று, சுவரில் துளை விழுந்ததன் அடையாளம். கருவுற்ற பெண்களுக்குக் கதிர்வீச்சு இல்லாத அல்ட்ராசவுண்ட், தேவையெனில் எம்.ஆர்.ஐ. ஆகியவற்றை முதலில் நாடுகிறோம்.

நிலைகளும் சிகிச்சையும்

கனடாவைச் சேர்ந்த ஹிஞ்சியும் உடன் பணியாற்றியோரும் 1978இல் வகுத்த நான்கு நிலைகள், பின்னர் சி.டி. ஸ்கேனுக்கு ஏற்பத் திருத்தப்பட்டு வழங்குகின்றன.

முதல் நிலையில் அழற்சியோ சிறு சீழ்க்கட்டியோ குடலையொட்டியே நிற்கும். இரண்டாம் நிலையில் இடுப்புக்குழி போன்ற சற்று விலகிய இடத்தில் சீழ்க்கட்டி இருக்கும். மூன்றாம் நிலையில் வயிற்றறை முழுதும் சீழ் பரவும். நான்காம் நிலையில் மலமே கசிந்து பரவும். கடைசி இரண்டையும் படத்தில் தெளிவாகப் பிரித்தறிய எப்போதும் இயலாது. அறுவை மேசையிலேயே அது உறுதியாகும். இரண்டுமே உயிருக்கு ஆபத்தானவை. பெரும்பாலும் உடனடி அறுவையை வேண்டுபவை.

பெரிய சீழ்க்கட்டியாயின், ஸ்கேன் வழிகாட்ட, தோல்வழியே குழாய் செலுத்திச் சீழை வெளியேற்றலாம். சிறியதற்கு ஆன்டிபயாடிக் மருந்து பெரும்பாலும் போதும். சிக்கலற்ற அழற்சிக்கோ சிலருக்கு அதுவும் தேவையில்லை. சுவீடன், ஐஸ்லாந்து மருத்துவமனைகளில் 623 பேரிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், அம்மருந்து பெற்றோரும் பெறாதோரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்தனர். ஆனால், அவர்களுக்குச் சிக்கல் ஏதுமில்லை என்பது முன்னதாகவே சி.டி. ஸ்கேனால் உறுதிசெய்யப்பட்டிருந்தது. ஆகவே மருந்தைக் குறைப்பதற்கும் படமே துணிவு தருகிறது. மருத்துவர் கூறாமல் எம்மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டா.

ஸ்கேனுக்கு முன்

சிறுநீரகக் கோளாறு, முன்பு கான்ட்ராஸ்ட் ஊசியால் ஏற்பட்ட ஒவ்வாமை, மெட்ஃபார்மின் மாத்திரை, கருவுற்றிருக்கும் வாய்ப்பு ஆகியவற்றைத் தவறாமல் எங்களிடம் தெரிவியுங்கள். ஊசி செலுத்தும்போது உடலெங்கும் வெப்பம் பரவுவது போலவும், சிறுநீர் கழிந்துவிட்டது போலவும் தோன்றும். சில நொடிகளில் மறைந்துவிடும், அஞ்ச வேண்டா. கதிர்வீச்சைப் பற்றிய கவலையை நாங்கள் அறிவோம். ஒரு வயிற்று ஸ்கேனின் அளவு, இயற்கையிலிருந்து சில ஆண்டுகளில் நாம் பெறுவதற்கு ஒப்பானது. பயன் அதனினும் பெரிதெனக் கருதும்போது மட்டுமே பரிந்துரைக்கிறோம்.

வலி நின்ற பின்னும்

தடித்த குடற்சுவர் சிலவேளை புற்றுநோயின் தோற்றமாகவும் இருக்கலாம். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆதலால் அண்மையில் கொலனோஸ்கோப்பி செய்திராத பலருக்கு, அழற்சி தணிந்து 6 முதல் 8 வாரங்களுக்குப் பின் அதைச் செய்துகொள்ளுமாறு கூறுகிறோம். அழற்சியின்போது செய்தால் குடலில் துளை விழும் அபாயம் உண்டு. “வலிதான் போய்விட்டதே” எனப் பலர் வராமலே இருந்துவிடுகின்றனர். அந்த ஒரு வருகையைத் தவறவிடாதீர்கள்.

வீடு திரும்பிய பின் காய்ச்சல் மிகுந்தாலோ, வலி வயிறு முழுதும் பரவினாலோ, வயிறு விறைத்தாலோ காலம் தாழ்த்தாது அவசரப் பிரிவுக்கு வாருங்கள். பழைய ஸ்கேன் படங்களையும் உடன் கொண்டு வாருங்கள். அன்றைய நிலையையும் இன்றைய நிலையையும் ஒப்பிட அவை எங்களுக்குப் பேருதவி புரியும்.