மேடையில் மூன்று நிமிடம்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்துப் பிள்ளைகள் நடத்திய நிகழ்ச்சியைப் பற்றி, விழாவுக்கு வர இயலாத அன்பர்கள் பலர் கேட்ட வண்ணம் இருக்கிறார்கள். வந்திருந்தவர்களுள்ளும் சிலர், "அது என்ன, பாட்டும் அன்று, பிரசங்கமும் அன்று, நாடகமும் அன்று?" என்று மனக்குறையோடு வினவினார்கள். ஆகவே அதன் வரலாற்றையும், அதில் நேர்ந்த ஒரு தகராற்றையும், அத்தகராற்றில் நமக்கிருந்த பங்கையும் ஒளிக்காமல் எழுதுவது முறையெனக் கருதுகிறோம்.

அமெரிக்காவில் சிக்காகோ நகரில் கட்டட வேலை செய்து வந்த மார்க் ஸ்மித் என்பவர், 1986 ஆம் ஆண்டில் 'கிரீன் மில்' என்னும் மதுச்சாலையில் கவிதைப் போட்டி ஒன்றைத் தொடங்கினார். கவிதை வாசிப்பு என்றால் கற்றவர் சிலர் கூடி, தாழ்ந்த குரலில் வாசித்து, தமக்குள் மெச்சிக்கொண்டு கலைவது என்றிருந்த வழக்கம் அவருக்கு உவப்பாக இல்லை. கேட்பவனுக்கும் அதில் ஓர் உரிமை வேண்டும் என்று அவர் எண்ணினார். இப்போட்டிக்கு 'ஸ்லாம்' என்று பெயர் வழங்கலாயிற்று. விதிகள் எளியவை. சொல்பவர் தாமே இயற்றியதைத்தான் சொல்ல வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பக்கவாத்தியம் இல்லை; வேடம் இல்லை; கையில் பொருள் எதுவும் கூடாது. சபையில் அமர்ந்திருப்பவர்களிலிருந்தே ஐவரைப் பொறுக்கி நடுவராக்குவார்கள். அவர்கள் பத்துக்கு இத்தனை என்று எண் காட்ட, மிக அதிகமான ஒன்றையும் மிகக் குறைந்த ஒன்றையும் தள்ளிவிட்டு மற்ற மூன்றையும் கூட்டுவார்கள். (மூன்று நிமிடம் என்பது கொல்லம் நிலையத்தில் பல விரைவு வண்டிகள் நிற்கும் நேரம். அதற்குள் ஒரு குடும்பமே மூட்டை முடிச்சுகளோடு ஏறிவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆகையால் அது குறைந்த நேரம் என்று எவரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.)

மதுச்சாலை என்றதும் தாய்மார்கள் முகம் சுளிக்க வேண்டா. பிறந்த இடம் எதுவாயினும், இக்கலை விரைவிலேயே பள்ளிக்கூடப் படியேறிவிட்டது. சான்பிரான்சிஸ்கோவில் 1996 இல் தோன்றிய 'யூத் ஸ்பீக்ஸ்' என்னும் அமைப்பு, இளைஞர்களுக்கு இதைக் கற்பிப்பதையே தன் பணியாகக் கொண்டது. சிக்காகோவில் 2001 முதல் பள்ளிக்கு ஓர் அணியாகப் பிள்ளைகள் வந்து போட்டியிட்டார்கள். 2021 ஜனவரி 20 இல் அமெரிக்க ஜனாதிபதி பைடனின் பதவியேற்பு விழாவில், 22 வயதுப் பெண்ணாகிய அமாண்டா கோர்மன் தம் கவிதையைச் சொல்ல உலகமே கேட்டது. சிறு வயதில் அவருக்குச் சில எழுத்துகள் நாவில் திருந்தாமல் இருந்தன. உரக்கச் சொல்லிச் சொல்லியே அவர் அதனை வென்றார்.

இதெல்லாம் மேனாட்டுப் புதுமை என்று நாம் வாய் பிளக்க வேண்டியதில்லை. தம் கவிதையைத் தாமே சபையில் சொல்லும் கவியரங்கம் நமக்குப் பழக்கமானது. திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்த இடலாக்குடியில் 1874 இல் பிறந்த செய்கு தம்பிப் பாவலர், 1907 இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். கேட்டவர் கேட்ட பொருளில் அங்கேயே பாட்டுக் கட்டிச் சொல்வதும் அதில் ஓர் அங்கம். மலையாள நண்பர்களைக் கேட்டால் கடம்மனிட்ட ராமகிருஷ்ணனைப் பற்றிச் சொல்வார்கள். படையணி ஆட்டத்தின் தாளம் தெறிக்க அவர் தம் கவிதையைச் சொல்லும்போது கல்லூரி மைதானங்கள் அதிர்ந்தனவாம். அவர் பகலில் அஞ்சல் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில், சென்னையிலும் பின்னர் இந்நகரிலும், உத்தியோகம் பார்த்தவர். கோப்புகளிடையே காலந்தள்ளும் நம்மைப் போன்றோருக்கு இச்செய்தி சிறிது ஆறுதல் தருவது.

ஆயின் நம் பிள்ளைகளின் நிலை என்ன? 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகராயிற்று. அதற்கு முன்னும் பின்னும் வாணிபத்தையும் உத்தியோகத்தையும் நாடி வந்து, சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் குடியமர்ந்த குடும்பங்கள் நம்முடையவை. வீட்டில் தமிழ் பேசுகிறோம். பள்ளியில் பிள்ளை மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும் படிக்கிறது. தமிழ் எழுத்துக்கு நேரம் எங்கே? அதன் செவியில் தமிழ் உண்டு, கண்ணில் இல்லை. இச்சங்க இதழையே நம் வீடுகளில் அப்பா வாசிக்க, பிள்ளை கேட்கிறது என்பதை நாம் அறிவோம்.

கேரளப் பள்ளிக் கலோற்சவத்தை அறியாதவர் இங்கு எவருமில்லை. 1957 ஜனவரியில் எர்ணாகுளத்தில் தொடங்கிய அவ்விழா, 2025 ஜனவரி 4 முதல் 8 வரை நம் நகரிலேயே நடைபெற்றது. மேடைகளுக்கெல்லாம் ஆறுகளின் பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. அவ்விழாவில் தமிழ்ப் பத்தியம் சொல்லலுக்கும் இடமுண்டு. தமிழ்ப் பேச்சுக்கும் இடமுண்டு. இது இந்த மாநிலம் நமக்குச் செய்யும் மரியாதை. அதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகளும் பாரதியாரையும் கவிமணியையும் மனப்பாடம் செய்து பரிசு வாங்கி வருகிறார்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்நகரின் மகளிர் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர் என்பது நமக்குத் தனிப் பெருமை.

ஆனால் நெடுநாளாக நம்மை உறுத்தும் ஒன்று உண்டு. பத்தியம் சொல்லும் பிள்ளை பிறர் கவிதையைச் சொல்கிறது. கவிதை எழுதும் பிள்ளையோ அறைக்குள் அமர்ந்து எழுதித் தாளை ஒப்படைத்துவிட்டு வருகிறது. அதனை எந்தச் சபையும் கேட்பதில்லை. எழுதுகிறவன் பேசுவதில்லை, பேசுகிறவன் எழுதுவதில்லை. தமிழ் எழுத்தே அறியாத, ஆனால் வாய் நிறையத் தமிழ் வைத்திருக்கும் பிள்ளைக்கு இவ்விரண்டிலும் இடமில்லை. ஸ்லாம் என்னும் இம்முறை அப்பிள்ளைக்கென்றே அமைந்ததுபோல நமக்குப் பட்டது. பொங்கலுக்கு ஒப்புவித்தல் போட்டியை நிறுத்திவிட்டு இதனைச் செய்து பார்ப்போம் என்று செயற்குழுவில் நாம் வாதாடியது இதனாலேயே.

கார்த்திகை, மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். முதல் வாரம் நாம் செய்தது பெரும் பிழை. "ஒரு கவிதை எழுதி வாருங்கள்" என்றோம். பதினொருவரும் தமிழ்த்தாயை வாழ்த்திக் கொண்டுவந்தார்கள். சிலவற்றில் தகப்பனார் கைவண்ணம் நன்றாகத் தெரிந்தது. இரண்டாம் வாரம் காகிதத்தை ஒதுக்கிவிட்டு, "இந்த வாரம் வீட்டில் நீங்கள் கேட்டும் பதில் சொல்லாமல் விட்டது என்ன?" என்று மட்டும் கேட்டோம். அறை வெகுநேரம் அமைதியாக இருந்தது. பிறகு அடங்கவில்லை.

பையன்களுக்கு வழி திறந்தவர் அரக்கோணத்து அறிவு. 'தெருக்குரல்' என்னும் அவருடைய பாட்டுத் தொகுப்பு 2019 இல் வந்தது. 2021 இல் புகழ்பெற்ற 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டுக்கு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்க்கையை அவர் பொருளாகக் கொண்டார். அப்பாட்டை நம் பிள்ளைகள் தலைகீழாகச் சொல்வார்கள். "பாட்டி சொன்னதைப் பாட்டாக்கலாம் என்றால், என் தாத்தா தூத்துக்குடியிலிருந்து உப்பு லாரியில் வந்த கதையைச் சொல்லட்டுமா?" என்று ஒருவன் கேட்டான். சொன்னான். உப்பு லாரி நாகர்கோவிலில் பழுதாகி நின்ற இடத்தில் சபை முழுவதும் சிரித்தது. பொங்கலன்று அவனுக்கே முதற்பரிசு.

தகராறு இரண்டாம் பரிசைப் பற்றியது. எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி. தகப்பனார் சாலையில் சிறுகடை வைத்திருக்கிறார். நெல்லைச் சீமையிலிருந்து சிகிச்சைக்கு வந்த ஆச்சியோடு ஆஸ்பத்திரிக்குச் சென்றதை அவள் சொன்னாள். அப்பாவுக்குக் கடை, அம்மாவுக்கு மலையாளம் வராது. டாக்டர் சொல்வதைத் தமிழாக்கிச் சொல்ல வேண்டியவள் அவளே. டாக்டர் சொன்னது ஐந்து வாக்கியம். தான் ஆச்சிக்குச் சொன்னது நான்கு. ஐந்தாவதை விழுங்கிவிட்டதாகவும், அது இன்னும் தொண்டையிலேயே நிற்பதாகவும் சொன்னாள். அப்புறம் ஆச்சி குடிக்க வெள்ளம் கேட்டாள், நான் ஓடினேன் என்று முடித்தாள். கை தட்ட எவருக்கும் தோன்றவில்லை. பின்வரிசையில் இருந்த அவள் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஐந்தாம் வாக்கியம் ஒன்று இருந்தது அவருக்கும் அன்றுதான் தெரியும்.

ஐந்து நடுவர்களில் நாமும் ஒருவர். நாம் காட்டிய எண் ஏழு. 'வெள்ளம்' என்பது மலையாளச் சொல், தண்ணீர் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று ஒன்றைக் கழித்தோம். 'டாக்டர்', 'ஸ்கேன்' என்ற சொற்களுக்காக மேலும் கழித்தோம். நாஞ்சில் நாட்டுத் தமிழர் வீடுகளில் குடிநீரை வெள்ளம் என்பது இன்றும் வழக்கு என்பதை வீட்டிற்கு வந்ததும் நம் அம்மாவே எடுத்துச் சொன்னார். நல்லவேளையாக, குறைந்த எண் தள்ளப்படும் என்ற விதி அச்சிறுமியைக் காப்பாற்றியது. நம்மையும் ஓரளவு காப்பாற்றியது.

பரிசளிக்கும் தறுவாயில் அவள் கையிலிருந்த தாளைச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் வாங்கிப் பார்த்தார். தமிழ்ச் சொற்கள் அத்தனையும் மலையாள எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. "தமிழ் எழுத்தறியாத பிள்ளைக்குத் தமிழ்ச் சங்கப் பரிசா?" என்று அவர் மேடையிலேயே கேட்டார். நாற்பது ஆண்டுகளாக இச்சங்கத்துக்கு உழைத்தவர்; அவர் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. எழுத்து போனால் இரண்டு தலைமுறையில் நூல்கள் அனைத்தும் நமக்கு ஊமையாகிவிடும். ஆனால் வாயிலுள்ள தமிழுக்கும் மரியாதை இல்லையென்று ஆகிவிட்டால், எழுத்தைக் கற்கும் ஆசை அப்பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? அன்று இதனைச் சொல்ல நமக்கு நா எழவில்லை. சிறுமி பரிசை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். மறுநாள் தலைவரும் நாமும் அவள் வீட்டுக்குச் சென்று அதனைக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டாள், நம்மோடு பேசவில்லை.

இன்னொன்றும் நம் மனத்தை அரித்தது. வீட்டுத் துயரத்தைச் சபையில் வைத்து அதற்கு ஏழா எட்டா என்று எண் போடுவது தகுமா? அமெரிக்கப் பள்ளிகளுக்குப் பொருந்தலாம். நமக்குப் பொருந்தவில்லை என்றே கருதுகிறோம். எண் வைத்தால், அடுத்த ஆண்டு பதினொரு பிள்ளைகளும் பதினொரு ஆஸ்பத்திரிக் கதைகளோடு வரவும் கூடும். ஆகவே மதிப்பெண்ணை விட்டுவிடுவது, மூன்று நிமிடத்தையும் சொந்தச் சொல்லையும் மட்டும் வைத்துக்கொள்வது, மேடையேறுமுன் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிக் காட்டுவது என்று செயற்குழுவில் தீர்மானமாயிற்று. தாள் எந்த எழுத்தில் இருந்தாலும் தடையில்லை என்பது ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

எதிர்த்து வாக்களித்த பெரியவர், சனிக்கிழமைதோறும் மாலையில் விரும்பும் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்க முன்வந்திருக்கிறார். சிலேட்டுகளும் அவரே வாங்கி வைத்துவிட்டார். சொற்பயிற்சி ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாம் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, சங்கக் கட்டடத்து மாடியில் தொடங்கும். பெற்றோர் வரலாம்; பின்வரிசையில் அமர வேண்டும்; பிள்ளை சொல்லிக்கொண்டிருக்கும்போது திருத்தலாகாது. இவ்விதி நமக்கும் உண்டு.