லினக்ஸில் டிவி ரெக்கார்டிங்: பெயரை விடுங்கள், சிப்பைப் பாருங்கள்

சேலத்திலும் நாமக்கல்லிலும் கேபிள் ஆகட்டும், கட்டண டிடிஎச் ஆகட்டும், சேனல்கள் பூட்டப்பட்டேதான் வீட்டுக்கு வருகின்றன. பூட்டைத் திறப்பது செட்டாப் பாக்ஸ் மட்டுமே. கேபிள் வயரைப் பழைய ட்யூனர் கார்டில் சொருகிவிட்டு லினக்ஸைக் குறை சொல்வது நியாயமில்லை, விண்டோஸிலும் வராது. பாக்ஸின் ஏவி அவுட்டில் வரும் படத்தை யூஎஸ்பி கேப்சர் கருவி வழியாக லேப்டாப்பில் பிடிப்பதே கைக்கெட்டும் வழி.

தலைவலி இந்தக் கருவியில்தான். ஈஸிகேப் என்ற பெயரில் விற்பவை பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே சிப் வேறு வேறு. எஸ்டிகே1160 என்றால் 2012 கடைசியில் வந்த 3.7 கெர்னலிலிருந்தே டிரைவர் உண்டு. ஃபுஷிகாய் என்றால் 3.11 வேண்டும். சோமாஜிக் வாய்த்தால் கெர்னலில் டிரைவரே கிடையாது. மல்லுக்கட்டாமல் கடையில் மாற்றிக்கொள்வதே மேல். பள்ளியில் கொடுத்த விலையில்லா லேப்டாப்பில் பழைய பாஸ் லினக்ஸை அப்படியே வைத்திருப்பவர்கள் முதலில் கெர்னல் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். கருவியைச் சொருகி டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி கொடுத்தால் சிப்பின் அடையாள எண் தெரியும். டிரைவர் அதை ஏற்றுக்கொண்டதா என்பதை டிமெஸ்ஜியின் கடைசி வரிகள் காட்டிவிடும்.

படம் கறுப்பு வெள்ளையாக உருண்டுகொண்டே இருந்தால் கருவி பழுதில்லை. அது என்டிஎஸ்சி முறையில் இருக்கும். நம் பாக்ஸ் அனுப்புவது பால். விஎல்சியிலேயே மாற்றலாம். சத்தம் வராவிட்டால், ஒலி தனி சவுண்ட் கார்டாகப் பட்டியலில் இருக்கும். அதையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படம் விட்டுவிட்டு வந்தால் யூஎஸ்பி ஹப்பைச் சந்தேகியுங்கள். 720-க்கு 576 அளவில் நொடிக்கு 25 படம் என்றால், சுருக்காத காட்சிக்கு நொடிக்குச் சுமார் 20 எம்பி ஆகும். இப்படி இடைவிடாமல் ஓடும் ஒரு தரவோட்டத்துக்கு யூஎஸ்பி 2.0 ஒதுக்குவதே ஏறக்குறைய 24 எம்பிதான். அதே ஹப்பில் பென்டிரைவையும் சொருகி அதிலேயே பதிந்தால் எப்படித் தாங்கும்?

கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் எம்பி4 வேண்டாம். பாதியில் நின்றால் அந்தக் கோப்பு பெரும்பாலும் திறக்காது. டிஎஸ் கோப்பு பதிந்தவரை ஓடும்.

பூட்டில்லாத வழியும் ஒன்று உண்டு. மொட்டை மாடி டிஷ்ஷை 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 பக்கம் திருப்பினால், தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷில் டிடி தமிழ் இலவசமாகக் கிடைக்கும். அதற்கு டிவிபி-எஸ்2 ட்யூனர் வேண்டும். டிஷ்ஷின் எல்என்பிக்கு 13 வோல்ட் போக வேண்டும். யூஎஸ்பி தருவதோ 5 வோல்ட். சிக்னல் இல்லை என்று டிஷ்ஷை அசைப்பதற்கு முன், ட்யூனரோடு வந்த அடாப்டரைச் சொருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.