மீன்தொட்டிக்கு மூடி எதற்கு?

ஆடி மாதத்தில் தேனிப் பக்கம் வந்திருக்கிறீர்களா? மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய் வழியே புகும் காற்று ஆளையே தள்ளும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் ஓயாமல் சுழலும். அப்படி ஒரு நாள் காலையில், என் வீட்டு மீன்தொட்டியில் இருந்த ஐந்து மீன்களில் ஒன்றைக் காணவில்லை. தேடினேன். கட்டிலுக்கு அடியில் காய்ந்து கிடந்தது. தொட்டிக்கு நான் மூடி போடவில்லை. இரவில் துள்ளிய மீன் வெளியே விழுந்துவிட்டது. சன்னலோரம் இருந்த அந்தத் தொட்டியில் தண்ணீரும் சில நாட்களிலேயே ஒரு விரற்கடை குறைந்திருந்தது.

எதையாவது எடுத்து மேலே வைத்தால் அது மூடியாகிவிடும் என்று நினைக்கிறீர்களா? அப்படியன்று. நல்ல மூடிக்குள் ஓர் இயற்பியல் பாடமே இருக்கிறது.

தண்ணீர் எங்கே போகிறது?

தண்ணீரின் மூலக்கூறுகள் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுள் வேகம் மிகுந்தவை மேற்பரப்பை விட்டு வெளியேறுகின்றன. இதுவே ஆவியாதல். மேலேயுள்ள காற்று அசையாமல் இருந்தால் அங்கே நீராவி சேரும். அதில் ஒரு பகுதி மீண்டும் தண்ணீருக்கே திரும்பும். காற்று வீசினால்? ஈரக் காற்று போய், உலர்ந்த காற்று வரும், ஆவியாதல் விரைவுபடும். கொடியில் போட்ட துணி காற்றில் சீக்கிரம் காய்வது இதனால்தான் அல்லவா? ஈரக் காற்றைப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் மூடியின் வேலை.

ஒரு சிறு கணக்கு. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 1 செ.மீ. குறைந்தால் 1.8 லிட்டர் தண்ணீர் போய்விட்டது என்று பொருள். 30 டிகிரி செல்சியசில் 1 கிலோகிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,430 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஆகவே 1.8 லிட்டருக்குச் சுமார் 4,370 கிலோஜூல், அதாவது 1.2 யூனிட் மின்சாரத்துக்குச் சமம்! இந்த வெப்பத்தில் ஒரு பகுதியைத் தண்ணீரே இழப்பதால், திறந்த தொட்டி மண்பானையைப் போலக் குளிர்ந்திருக்கும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. தண்ணீர்தான் ஆவியாகும், அதில் கரைந்த உப்புகள் தங்கிவிடும். குறையக் குறைய ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றி வந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அது மீன்களுக்கு நல்லதன்று.

அணைக்கு ஒரு மூடி

இதே சிக்கல் மிகப் பெரிய தொட்டி ஒன்றிலும் உண்டு. ஆண்டிபட்டிக்கு அருகே 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணைதான் அது. மதுரையின் குடிநீருக்கும் வயல்களுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது. 2017-இல் கடும் வறட்சி. மீதமிருந்த தண்ணீராவது ஆவியாகாமல் இருக்கட்டும் என்று, அவ்வாண்டு ஏப்ரலில் அப்போதைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் ராஜு முன்னிலையில் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி அணை நீரில் மிதக்கவிட்டார்கள். சற்று நேரத்தில் காற்று அவற்றைக் கரைக்கே தள்ளிவிட்டது. நாடே சிரித்தது.

ஆனால், தண்ணீரை மூடினால் ஆவியாதல் குறையும் என்ற அடிப்படை சரியானதே. பிழை எங்கே? தெர்மாகோலின் எடை, அதே பருமனுள்ள தண்ணீரின் எடையில் சுமார் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி அது தண்ணீரில் மிகச் சிறிதளவே அமிழும். ஏறக்குறைய முழுவதும் மேலே நின்று காற்றின் கையில் சிக்கும்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் நீர்த்தேக்கத்தில் 2015-இல் 9.6 கோடி கறுப்பு உருண்டைகளை மிதக்கவிட்டார்கள். வெயிலால் குடிநீரில் தீய பொருள்கள் உண்டாவதைத் தடுப்பதே முதல் நோக்கம், ஆவியாதலும் குறைந்தது. அந்த உருண்டைகள் காற்றில் பறக்கவில்லை. ஏன் தெரியுமா? உள்ளே கொஞ்சம் தண்ணீரை அடைத்திருந்தார்கள்!

உங்கள் தொட்டிக்கு

இப்போது நீங்களே மூடியைத் தேர்ந்தெடுக்கலாம். முதலில், அது காற்றுக்கும் துள்ளும் மீனுக்கும் அசையாத எடை உடையதாக இருக்கவேண்டும். கண்ணாடி நல்லது, விளிம்பைத் தேய்த்து மழுக்கச் சொல்லுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் தகடு நாளடைவில் வளைந்துவிடும். இரண்டாவது, ஒரு மூலையில் விரல் நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். காற்றுக்குழாய் அதன் வழியே போகட்டும். ஆக்சிஜனும் உள்ளே வரவேண்டுமே! கௌராமி, பைட்டர் போன்ற மீன்கள் மேலே வந்து காற்றையே சுவாசிப்பவை. மூன்றாவது, சித்திரை வெயிலில் கண்ணாடியை எடுத்துவிட்டு, சட்டத்தில் இழுத்துக் கட்டிய கொசுவலையைப் போடுங்கள். தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும் என்பதை நினைவில் வையுங்கள்.

சோதித்துப் பாருங்கள்: இரண்டு ஒரே மாதிரித் தட்டுகளில் சம அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் தெர்மாகோல் துண்டுகளை மிதக்கவிட்டு, மறுநாள் இரண்டையும் அளந்து பாருங்கள். அடுத்து, தள்ளி வைத்த மின்விசிறியைச் சுழலவிடுங்கள். துண்டுகள் எங்கே போகின்றன?

அணையில் நடந்தது உங்கள் தட்டிலும் நடக்கும். பெரிதாகச் செய்யுமுன் சிறிதாகச் செய்து பார்ப்பதுதான் அறிவியல். அதை மறந்ததால் நான் ஒரு மீனை இழந்தேன். நீங்கள் இழக்க வேண்டாம்!