மென்பொருள் இற்றைகள் பதிவிறங்காமை

மென்பொருள் இற்றைகள் பதிவிறங்காமை என்பது, இணைய இணைப்பு இருந்தும் ஒரு கணினியின் இயங்குதளம் தனக்குரிய திருத்தங்களை வழங்கியிலிருந்து பெற முடியாமல் போகும் நிலையாகும். பேச்சுவழக்கில் இது "அப்டேட் ஆகவில்லை" எனப்படுகிறது. பாதுகாப்புத் திருத்தங்களும் இவ்வழியாகவே வருவதால், வங்கிப் பரிமாற்றத்துக்கும் தேர்வு விண்ணப்பங்களுக்கும் பயன்படும் கணினியில் இதைக் கவனியாமல் விடுவது ஆபத்தானது.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு அரசின் விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பரில் தொடங்கிய இத்திட்டத்தில், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த கணினிகள் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. தொடக்ககாலக் கணினிகளில் விண்டோஸ், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டு இயங்குதளங்களும் இருந்தன. மதுரை கோரிப்பாளையம் போன்ற கல்லூரிப் பகுதி வீடுகளில், அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த ஒன்றை எடுத்து இயக்கினால் கீழ்க்கண்ட காரணங்களில் பலவற்றை ஒரே கணினியில் காணலாம்.

நாளும் நேரமும்

முதலில் பார்க்க வேண்டியது திரையின் மூலையில் உள்ள தேதி. தாய்ப்பலகையில் உள்ள சிறு மின்கலம் (பெரும்பாலும் 3 வோல்ட் சிஆர்2032 வகை) தீர்ந்துவிட்டால், மின்சாரம் நின்றவுடன் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். வழங்கியின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் கணக்கில் அந்தத் தொடக்க நாள் இன்னும் வரவில்லை என்பதால் அது சான்றிதழை ஏற்க மறுக்கிறது. திரையில் தோன்றும் பிழைச் செய்தியோ பல நேரங்களில் இணைப்பைத்தான் குறை சொல்லும். தேதியைச் சரிசெய்ய ஒரு நிமிடம் போதும்; ஆனால் மின்கலத்தை மாற்றாவிட்டால் பிழை திரும்ப வரும்.

இரு இயங்குதளங்கள் உள்ள கணினியில் இன்னொரு குழப்பமும் உண்டு. கடிகாரச் சில்லில் உள்ளதை விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. லினக்ஸ் பெரும்பாலும் உலகப் பொது நேரமாகக் கொள்கிறது. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது இந்தியாவில் நேரம் சரியாக ஐந்தரை மணி முன்பின்னாகத் தெரியும். இது மின்கலத்தின் குறையன்று; இற்றைகளை இது தடுப்பதும் அரிது.

இடமும் இணைப்பும்

வன்தட்டில் போதிய இடமில்லாவிட்டாலும் பதிவிறக்கம் பாதியில் நிற்கும். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாக இணைத்திருந்தால், விண்டோஸ் 10 இல் அந்த இணைப்பு "மீட்டர்டு" எனக் குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். அவ்வாறு குறித்திருந்தால் பெரும்பாலான இற்றைகளைக் கணினி தானாகவே ஒத்திவைக்கும். அரைகுறையாக இறங்கிய கோப்புகளை நீக்க, விண்டோஸ் அப்டேட் சேவையை நிறுத்தி, சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் கோப்புறைக்குள் உள்ள டவுன்லோட் பகுதியைக் காலிசெய்து, சேவையை மீண்டும் தொடங்கலாம்.

ஆதரவு முடிந்த பதிப்புகள்

விண்டோஸ் 7 க்கான பொது ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10 க்கானது 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. லினக்சில் நிலைமை சற்று வேறு. பாஸ் லினக்சுக்கு அடிப்படையான டெபியனின் பழைய பதிப்புகள் வழக்கமான வழங்கிகளிலிருந்து அகற்றப்பட்டு ஆவணக் களஞ்சியத்துக்கு மாற்றப்படுகின்றன. அதனால் பழைய முகவரியில் தேடும் கணினிக்கு "404" என்ற பதிலே கிடைக்கும். டெபியன் கணினியில் முகவரியை மாற்றினால் பழைய மென்பொருள்கள் கிடைக்கும். புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கா.

மறு நிறுவல்

இற்றை இறங்கவில்லை என்றதும் "ஃபார்மட்" செய்வது பரவலான வழக்கம். விண்டோஸ் 7 ஐப் பொறுத்தவரை இது சிக்கலைக் கூட்டவே செய்யும். 2019 ஆகஸ்ட் முதல் அதன் இற்றைகள் எஸ்எச்ஏ-2 முறையில் மட்டுமே ஒப்பமிடப்பட்டன. பழைய குறுவட்டிலிருந்து நிறுவிய பதிப்புக்கு அந்த ஒப்பத்தைச் சரிபார்க்கத் தெரியாது. கேபி4490628, கேபி4474419 ஆகிய இரண்டையும் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்திலிருந்து வேறொரு கணினியில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து நிறுவிய பிறகே மற்றவை ஏற்கப்படும். ஃபார்மட் செய்யும் வன்தட்டுப் பகுதியில் உள்ள பாடக்குறிப்புகளும் படங்களும் அழிந்துவிடும் என்பதால், அவற்றை முன்னதாகவே படியெடுத்து வைப்பது கட்டாயம். கணினி விண்டோசில் தொடங்காவிட்டாலும், லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றிலிருந்து இயக்கி அவற்றைப் பெரும்பாலும் மீட்டெடுக்கலாம்.